சீயக்காய் போட்டுக் குளித்த பேரிங்

தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி, கஞ்சி போட்டு, காயவைத்துச் சுருட்டியும் ஆகிவிட்டது. ஈரத் தரையில் கஞ்சி வாசனை மட்டும் மிச்சம். அந்த ஈரத்தின்மேல் ஒரு சாக்கைப் போட்டு, சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தார் என் வீட்டுக்காரர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தலை காருக்கு அடியில், கால் தெருவில்.

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காரின் இடது முன்சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டார். இன்னொரு கையில் நீளமான ஸ்க்ரூடிரைவர். அதன் இரும்பு முனையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பாரே, அதே மாதிரி.

"இன்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"வயசாயிடுச்சுன்னு சொல்லுது."

"யாருக்கு?"

"அதுக்குத்தான். வேற யாருக்கு?"

பாவுச் சுருளைத் தோளில் தாங்கிப் போன எதிர் வீட்டு கனகா நின்று பார்த்தாள். "இன்னா அத்தை, மாமா காருக்குக் காது குத்தறாரா?"

"கத கேக்கறாருமா. வீட்ல நான் சொன்னா கேக்க மாட்டாரு. அது சொன்னா படுத்துக்கினு கேப்பாரு."

நானும் குனிந்து கேட்டேன். மாவு மில்லுக்கு வெளியே நின்றால் கேட்குமே ஒரு கரகரப்பு, அதுதான் கேட்டது. முன்சக்கரத்து பேரிங் போய்விட்டது என்றார். இடது பக்கம் நன்றாகப் போய்விட்டது, வலது பக்கம் போகப்போகிறது என்றார்.

போன வாரக் கதையை, என் நாத்தனார் கல்யாணத்தில் பந்தல் சாய்ந்ததோடு நிறுத்தினேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பந்தலை நிமிர்த்திக் கட்டினார்கள், தாலி கட்டினார்கள். அவ்வளவுதான். இந்த வாரம் இந்த பேரிங் கதையைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் மஞ்சுளா எழுதுகிறாள். நான் 'இன்னா' என்றால் அவள் 'என்ன' என்று எழுதிவிடுகிறாள். ஆட்கள் பேசுகிற இடத்திலாவது பேசினபடியே எழுதும்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அரக்குக் கலர், கடுகு பார்டர்

எங்கள் வீட்டில் தறி என்னுடையது. கார் அவருடையது.

நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் குழித்தறியில் கால் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் போய்ச் சேர்ந்தார். பிறகு அந்த ஷெட்டே அவருடையதாயிற்று. என் மாமியார், "பட்டு தொட வேண்டிய கையில கிரீஸா?" என்று ஒரு வருஷம் அவருக்குத் தனித் தட்டு வைத்திருந்தார். அது வேறு கதை.

இந்தக் கார் ஒரு டாக்டருடையது. வெளிநாட்டு வண்டி. கூரை கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். ரிப்பேருக்கு என்று ஷெட்டில் கொண்டுவந்து விட்டவர் திரும்ப வரவில்லை. காலமாகிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் சம்சாரம் வந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் தினமும் அதைத் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இத எங்க வீட்ல யாரும் இப்படிப் பாத்துக்க மாட்டாங்கபா. நீயே வச்சுக்க" என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போது வண்டி துரு பிடித்த தகரம். அதை நிமிர்த்த அவருக்கு மூன்று நான்கு வருஷம் ஆயிற்று. என்ன கலர் அடிக்கலாம் என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வேன்? அப்போது தறியில் ஓடிக்கொண்டிருந்த புடவையைக் காட்டினேன். உடம்பு அரக்கு, பார்டர் கடுகு மஞ்சள். அப்படியே அடித்துவிட்டார். வண்டியின் இடுப்பில் சுற்றிவர ஒரு சாண் அகலத்துக்குக் கடுகு பார்டர். பெயிண்ட் கடைக்காரர் சிரித்தாராம். தெருவில் யாரும் சிரிக்கவில்லை. கலர் எடுப்பாக இருக்கிறது என்றார்கள்.

அதில் இரண்டே சீட்டு.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது பதினோரு பேர். இரண்டு தறி. மிச்சம் இருந்த இடத்தில் சமையல், படுக்கை, சாமி எல்லாம். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச அந்த வீட்டில் இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அந்த வண்டியில் ஏறினால் மாமியார் வர முடியாது, கொழுந்தன் வர முடியாது, யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. சீட்டு இல்லையே! ஏனாத்தூர் வரைக்கும் போவோம். திருப்பருத்திக்குன்றம் போவோம். எங்கே போனால் என்ன? முடிச்சை அவிழ்த்த மாதிரி இருக்கும். முதல் நாள் வண்டி போன வேகத்துக்குப் பயந்து வழியெல்லாம் கந்தர் சஷ்டி சொன்னேன். மறு வாரம், "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க" என்றேன்.

தணிகா போட்ட பேச்சு

எங்கள் மகன் தணிகாசலம். தணிகா என்று கூப்பிடுவோம். ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. செய்த பாகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான் செய்வான். சாம்பாரைக்கூட ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வான்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஏனாத்தூரிலிருந்து திரும்பி வரும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்து ஆடிற்று. ரோட்டு நடுவில் இருக்கிற சிமெண்ட் கட்டைக்கு ஒரு முழம் இடைவெளியில் தப்பினோம். பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

தணிகாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஆரம்பித்தான்.

"நைனா, போதும். அந்த மெட்ராஸ்காரரு நாலு தடவ கேட்டுட்டாரு. பழைய வண்டிங்கள ஷெட்டு கட்டி வச்சுப் பாத்துக்கறாரு. அவருகிட்ட குடுத்துடலாம்."

"பேரிங்தான்பா போச்சு. மாத்திட்டா சரியாயிடும்."

"பேரிங் மட்டும் இல்ல நைனா. உங்க கையப் பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். கையில் மோர் டம்ளர். மோர் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பேரிங் மாற்றுவதை அவரே தன் கையால் செய்ய வேண்டும். தணிகாவுக்கு லீவு இருக்கிற ஞாயிற்றுக்கிழமை தென்னேரி ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். வண்டி ஆடக் கூடாது, சக்கரம் சூடாகக் கூடாது. இதெல்லாம் நடந்தால் வண்டி இங்கேயே இருக்கும். நடக்காவிட்டால் மெட்ராஸுக்குப் போய்விடும்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இந்த வயதில் எனக்கு எதற்கு ஊர் சுற்றல் என்று கேட்பார்கள். கேட்கட்டும். இப்போது வீட்டில் நான்கே பேர்தான். இடம் கிடக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் டிவி. அந்த வண்டியில் மட்டும்தான் அவர் என்னோடு பேசுவார்.

குண்டும் உருளையும்

பழைய பேரிங் உள்ளே குண்டு குண்டாக இருக்கும். அதே மாதிரி புதிது போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"குண்டு ஒரு புள்ளிலதான் தாங்கும்" என்றார். "நேராப் போற வரைக்கும் சரி. வளைவுல திருப்பும்போது பக்கவாட்டுல தள்ளும் பாரு, அப்பத்தான் அதுக்குக் கஷ்டம். இப்ப டேப்பர்னு ஒண்ணு வருது. குண்டுக்குப் பதிலா உருளை. சாய்ச்சு சாய்ச்சு வச்சிருப்பான். உருளை முழு நீளத்துக்கும் படுத்துக்கினு தாங்கும். பக்கவாட்டுத் தள்ளலையும் தாங்கும்."

ஒரு சக்கரத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டு சக்கரத்துக்கு நான்கு. கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். மூன்று வாரம் காத்திருந்தோம். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குக்கூட நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை. தெருவில் ஏதாவது பைக் நின்றால் இரண்டு பேரும் எட்டிப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. அவர் கிரீஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் செய்தது

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம். தறிக்குப் புதிதாக எது வந்தாலும், ஊடை நூல் ஓடுகிற நாடாவோ, பாவு நூலைத் தூக்கி இறக்குகிற விழுதோ, எதுவாக இருந்தாலும், முதலில் சுத்தம் செய்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் ஒரு ராத்திரி வைத்துவிட்டுத்தான் மறுநாள் தறியில் ஏற்றுவோம். என் மாமியார் புது டிவி வந்தபோதுகூட அப்படித்தான் செய்தார். டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பார்சலைப் பிரித்தேன். எண்ணெய்க் காகிதத்துக்குள் நான்கும் பளபளவென்று இருந்தன. உருளைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் ஓடிற்று. எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஒவ்வொன்றையும் மோதிரம் மாதிரி விரலில் மாட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

ஆனால் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. சாமி முன்னால் எப்படி வைப்பது?

சீயக்காய் போட்டேன்.

வெந்நீரில் கரைத்து, ஒவ்வொரு உருளையின் இடுக்கிலும் விரலை விட்டுத் தேய்த்து, பிசுக்கு துளிகூட இல்லாமல் எடுத்தேன். மஞ்சள் தண்ணீரில் அலசினேன். சந்தனம் குழைத்து நான்கு பக்கமும் வைத்தேன். குங்குமம் வைத்தேன். பித்தளைத் தட்டில் நான்கையும் அடுக்கி, மேலே ஒரு முழம் மல்லி சுற்றினேன். விளக்கேற்றிக் கும்பிட்டேன். வண்டி எங்களைவிட்டுப் போகக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். வேறு என்ன வேண்டுவேன்?

அவருக்கு அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தட்டோடு எடுத்துக் கையில் கொடுக்கலாம் என்று ஆசை.

கொடுத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். மல்லிகையை எடுத்துக் கீழே வைத்தார். ஒரு பேரிங்கை எடுத்து முகர்ந்தார்.

"இன்னா வாசன இது?"

"சீயக்காய்ங்க."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு, வெளிச்சத்துக்குப் போனார். "அந்த எண்ணெய் பிசுக்கு இல்லமே" என்றார் மெதுவாக. "துரு புடிக்காம இருக்கறதுக்கு அவங்களே போட்டு அனுப்பற எண்ணெய். அத எடுத்துட்டு, தண்ணியும் சந்தனமும் போட்டு ராத்திரி முழுக்க வச்சிருக்கற."

நான் முந்தானையால் சந்தனத்தைத் துடைக்கப் போனேன்.

பெட்ரோலில் கழுவினார். பிரஷ் வைத்து ஒவ்வொரு உருளையாகத் தேய்த்தார். மூன்று பேரிங் தப்பித்துவிட்டன. நான்காவதில் இரண்டு உருளைமேல் டீக்கறை மாதிரி புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகத்துக்குத் தட்டுப்பட்டது.

"வேற வாங்கலாமா?"

"இன்னும் மூணு வாரம் ஆவும். நாளைக்குத் தென்னேரி." அந்த பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "மெதுவாப் போனா ஒண்ணும் ஆவாது. தணிகாகிட்ட இதச் சொல்லாத. எனக்குக் கை போச்சு, உனக்குப் புத்தி போச்சுன்னு ரெண்டு பேரையும் சேத்து ஓரங்கட்டிடுவான்."

சரி என்றேன்.

ஃப்ரிட்ஜில் ஒரு விருந்தாளி

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷமான நாள்.

பேரிங்கின் வெளி வளையம் சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்புக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். சுத்தியலால் அடித்தால் கோணிக்கொள்ளும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வளையத்தைக் குளிரவைத்தால் ஒரு மயிரிழை சுருங்குமாம், ஹப்பைச் சூடாக்கினால் ஒரு மயிரிழை விரியுமாம். ஆகையால் நான்கு வளையமும் பிளாஸ்டிக் கவரில் என் ஃப்ரீசருக்குள் போயின. ஹப் இரண்டும் என் கேஸ் அடுப்பின்மேல் உட்கார்ந்தன. மஞ்சுளா பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், மூடிவிட்டு, ஒன்றும் கேட்காமல் கறுப்பு டீ போட்டுக் குடித்தாள். நல்ல பெண். (இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதச் சொல்லியிருக்கிறேன்.)

குளிர்ந்த வளையத்தைச் சூடான ஹப்புக்குள் போட்டதும், டப் என்று தானாகவே போய் உட்கார்ந்தது. நான் கை தட்டினேன்.

அப்புறம் கிரீஸ் அடைப்பது. அது என் வேலை என்று வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ். பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். கீழே அழுத்தினால் மேலே உருளைகளின் இடுக்கில் கிரீஸ் புழுவாகப் பிதுங்கும். முறுக்குப் பிழிவதை யாரோ தலைகீழாகச் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டேன்.

கடைசியாக நட்டு. அதை மட்டும் அவர்தான் செய்தார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கினார். சுற்றுவது கனத்ததும் நிறுத்தி, நட்டைத் திரும்பக் கொஞ்சம் விட்டார். பழைய குண்டு பேரிங்கை இறுக்கி அப்படியே விட்டுவிடலாமாம். இதில் அப்படிச் செய்தால் உருளை உரசிச் சூடாகிவிடுமாம். மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். மோர் டம்ளரில் ஆடின கை, ஸ்பேனரைப் பிடித்ததும் ஆடவே இல்லை. நான் பார்த்தேன். நட்டு கழலாமல் இருக்க ஒரு கம்பிப் பின்னைக் குத்தி மடக்கி மூடியைப் போட்டார்.

டீக்கறை பேரிங் வலது சக்கரத்துக்குள் போயிருந்தது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

தென்னேரி

ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் முன்னால், தணிகா பைக்கில் பின்னால். வண்டி ஆடவே இல்லை. வளைவில் திரும்பும்போது தறியில் நூல் ஏறினாற்போலப் பிசகாமல் போயிற்று. "பாத்தியா? பாத்தியா?" என்று இவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஏனாத்தூர் தாண்டி நிறுத்தி, இறங்கி, இரண்டு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. வாலாஜாபாத்தில் நிறுத்தினோம். வலது பக்கம் லேசாக வெதுவெதுப்பு. அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

தென்னேரி ஏரிக்கரையில் நிறுத்தியபோது எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிரீஸ் காந்துகிற வாடை வந்தது. தண்ணீர் நிறைய, நாரை வரிசையாக நின்றது. யார் அதைப் பார்த்தது?

தணிகா பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். இடது சக்கரத்தில் கை வைத்தான். வலது சக்கரத்தில் வைத்தான். வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"இறுக்கிட்டீங்க நைனா."

இவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"டேப்பர் போட்டா கடைசில கொஞ்சம் விடணும். பழைய பழக்கத்துல இறுக்கிட்டீங்க. நட்டு எங்க நிக்குதுன்னு உங்க கைக்குத் தெரியல. இதத்தான நான் சொல்லிக்கினே இருக்கறேன்?"

"ஆமாம்பா" என்றார் என் வீட்டுக்காரர். "கை சரியில்லதான். இறுக்கிட்டேன் போலக்குது."

ஐம்பது வருஷமாக ஊரிலிருக்கிற வண்டியெல்லாம் திறந்து மூடின கை. அந்தக் கையை அவர் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்காகத்தான் அப்படி நின்றார்.

வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் என்ன?

"டேய், அவரு கைமேல தப்பு இல்லடா" என்றேன். "நான்தான் குளிப்பாட்டிட்டேன்."

"எத்த?"

"பேரிங்க."

"குளிப்பாட்டினியா?"

"சீயக்காய் போட்டு. அப்புறம் சந்தனம் வச்சேன்."

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?" என்றார் இவர்.

தணிகா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஜாக்கியை எடுத்தான். வலது சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். மறுபடி ஆட்டினான். மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினான்.

"செட்டிங் கரெக்டா இருக்குது நைனா" என்றான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்க கம்பெனில மிஷின் வச்சுப் பண்ணாக்கூட இப்படித்தான் வரும்."

பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்தான். துணியால் துடைத்து, நகத்தால் உருளையைத் தடவினான். டீக்கறையைப் பார்த்தான். இன்னும் உற்றுப் பார்த்து, வளையத்தின் மூலையில் ஒட்டியிருந்த ஒரு துளி குங்குமத்தைக் கண்டுபிடித்தான். சின்ன வயதில் சிரிப்பானே, அப்படிச் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கரையில் குந்திவிட்டான்.

சிரித்து முடிந்ததும் இவர் சொன்னார்: "சூடாச்சு இல்ல? பேசினது பேசினதுதான்பா. மெட்ராஸ்காரர வரச் சொல்லிடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தக் குடுத்துட்டா நாங்க ரெண்டு பேரும் எங்கடா தனியா உக்கார்றது? பேசறதுக்கு எங்களுக்குன்னு இருக்கறதே அந்த ரெண்டு சீட்டுதான்டா" என்று கத்திவிட்டேன். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக மகனிடம் சொல்லாத விஷயம். சொல்லக் கூடாத விஷயம்கூட.

தணிகா பேரிங்கைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"உங்களுக்கு அது ரெண்டு சீட்டு வண்டிமா" என்றான். "எனக்கு சீட்டே இல்லாத வண்டி. ஞாயித்துக்கிழம ஆனா நீ பூ வச்சுக்கினு ஏறிடுவ. நான் வாசல்ல நின்னுக்கினு இருப்பேன். சத்தம் தெருமுனை தாண்டற வரைக்கும் கேட்டுக்கினு நிப்பேன். நைனா என்ன அதுல ஒரே ஒரு தடவ ஏத்தினாரு. பெட்ரோல் பங்க் வரைக்கும்."

குழந்தைக்குப் பாட்டியோடு இருக்கத்தான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மாமியாரும் அப்படித்தான் சொல்வார். அவனை ஒரு நாளும் கேட்டதில்லை. அப்புறம் அவன் வளர்ந்துவிட்டான், பைக் வாங்கிவிட்டான், வண்டியைத் தொட்டதே இல்லை. அவனுக்குப் பிடிக்கவில்லை போல என்று அதையும் நாங்களே நினைத்துக்கொண்டோம்.

தணிகா எழுந்தான். பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து பேரிங்கைக் கழுவினார்கள். டிக்கியில் இருந்த டப்பாவிலிருந்து தணிகா உள்ளங்கையில் கிரீஸ் எடுத்து அடைத்தான். நட்டை இவர் பூட்டினார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் போனால் வீடு போய்ச் சேரலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

இவர் சாவியை எடுத்து நீட்டினார். "நீ ஓட்டுபா. நான் பக்கத்துல உக்காந்து சத்தத்தக் கேட்டுக்கினு வரேன்."

தணிகா என்னைப் பார்த்தான். "அம்மா?"

"எனக்கு பஸ்ஸு இருக்குதுடா" என்றேன்.

ஜன்னல் ஓரம்

பைக்கை டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். முதல் கியரில் வண்டி இரண்டு முறை குதித்தது. "கிளச்ச விடு, மெதுவா விடு!" என்று இவர் கத்துவது ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. நாரைகள் எழுந்து போயின.

முன்பக்கம் ரோஸ் கலர் அடித்த பஸ் வந்தது. அதில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. வாலாஜாபாத்தில் பஸ் மாறி ஏறிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். ரோட்டோரம் எங்கள் அரக்குக் கார். சக்கரச் சூட்டுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். பஸ் உயரத்திலிருந்து பார்த்தால் இரண்டு தலைதான் தெரிந்தது. ஒன்று வழுக்கை, ஒன்று இப்போதுதான் வழுக்கை விழ ஆரம்பித்திருப்பது. இரண்டும் வலது சக்கரத்தின்மேல் குனிந்திருந்தன. சக்கரத்தைப் பற்றித்தான் பேசினார்களா, தெரியாது. பேச்சு சுவாரஸ்யமாக இருந்தது. பஸ் அவ்வளவு பெரிய ஹாரன் அடித்தது. நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சவங்களாமா?" என்று கண்டக்டர் கேட்டார். நான் ஜன்னலில் முகத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல.

"எங்க வீட்டுக்காரங்கதான்பா."

"நிறுத்தட்டுமா?"

"வேணாம்பா. நீ போ. அவங்களுக்கு லேட்டாவும்."

ஆயிற்று. நான் வந்து சாதம் வடித்து, குழம்பு கொதித்து, ஆறி, மறுபடி சூடு செய்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். தணிகாவின் கை, சட்டை, ஒரு பக்கக் கன்னம் எல்லாம் கிரீஸ். கை கழுவப் போகும்போதே மஞ்சுளாவிடம், "அந்த மெட்ராஸ்காரரு ஃபோன் பண்ணா நான் ஷிஃப்ட்ல இருக்கறேன்னு சொல்லு" என்றான்.

"எத்தன நாளைக்குச் சொல்றது?" என்று கேட்டாள் அவள்.

"அவரு கேக்கறத வுடற வரைக்கும்."

இப்போது வேறு பேரிங் வந்து, அப்பாவும் மகனுமாக மாற்றிவிட்டார்கள். பார்சலை என் கண்ணில்கூடக் காட்டவில்லை. ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் திருப்பருத்திக்குன்றம், ஒரு வாரம் ஏனாத்தூர். போன வாரம் எங்கே போனார்கள் என்றே சொல்லவில்லை. நான் சண்டை போட்டு இந்த மாதம் எனக்கு ஒரே ஒரு ஞாயிறு வாங்கியிருக்கிறேன்.

அதையும் தனக்கும் தணிகாவுக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லி மஞ்சுளா கேட்கிறாள். இதை எழுதிக்கொண்டே கேட்கிறாள்.